பின்வண்டிக்காரன் சொல்

இப்போதெல்லாம் யாரும் சாலையைப் பார்த்து ஓட்டுவதில்லை. போனைப் பார்த்து ஓட்டுகிறார்கள். நேற்று வாங்கிய நாற்பதடி டிரெய்லரை இன்று பூட்டிக்கொண்டு நாளைக்கு டெக்ஸாஸ் என்கிறார்கள். போன் இடது பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறார்கள். அங்கே தாழ்வான ரயில் பாலம் இருந்தால் டிரெய்லரின் கூரை பாலத்துக்கு இந்தப் பக்கம், டிரெய்லர் அந்தப் பக்கம். பிறகு நடுரோட்டில் நின்றுகொண்டு யார்மேல் வழக்குப் போடலாம் என்று அதே போனில் தேடுகிறார்கள்.

டாக்டர்களும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆளைத் தொட்டுப் பார்த்தார்கள். இப்போது மறதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத்தை நீட்டி, கடிகாரம் வரை, பதினொன்று பத்து காட்டு என்கிறார்கள். பக்கத்துப் பண்ணை ஒரெஸ்டை அப்படித்தான் வரையச் சொன்னார்களாம். அவன் முள்ளைத் தப்பாகப் போட்டானாம். வாழ்நாள் முழுக்க சூரியனையும் பசுக்களையும் பார்த்து எழுந்தவனிடம் போய் கடிகாரத்தைக் கேட்டால் என்ன வரும்? என்னிடம் கேட்டிருந்தால் காகிதத்தையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒரெஸ்ட் பிட்லுப்னியின் பண்ணை என் பண்ணைக்கு அடுத்தது. நிலத்தை இருவரும் குத்தகைக்கு விட்டபின் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, குளிர்காலம் வந்தால் கனடாவை விட்டுத் தெற்கே டெக்ஸாஸுக்குப் போவது. இருவரிடமும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர், சக்கரத்தில் ஓடுகிற வீடு. அதன் கழுத்து பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். முதுகில் ஓர் இரும்புத் தாடை, டிரெய்லரின் கழுத்தில் ஒரு தடித்த முளை. தாடை முளையைக் கவ்வியிருக்கும் வரை எல்லாம் சரி. கவ்வாவிட்டால் ஒரு வீடே சாலையில் தனியாக உருளும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் குறித்து, அவன் வண்டியை நான் பார்ப்பேன், என் வண்டியை அவன் பார்ப்பான். தன் வண்டியைத் தானே பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். பார்த்து முடித்ததும் ஒரே சொல்தான். போகும், அல்லது போகாது. போகாது என்றால் இரண்டு வண்டியும் போகாது. காரணம் கேட்டு வாதாடக் கூடாது. இந்தச் சட்டத்தை வைத்தவன் ஒரெஸ்ட்.

சாலையில் அவன் முன்வண்டி, நான் பின்வண்டி. அவன் லேன் மாற வேண்டுமானால், வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் சொல்லுவான். நான் முதலில் மாறி, பின்னால் வருகிற லாரிக்காரர்களை என் உடம்பால் மறித்துக்கொண்டு, இப்போ வா என்பேன். அவன் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வருவான். அத்தனை குளிர்காலங்களிலும் அவன் கண்ணாடியைப் பார்த்ததில்லை. என் சொல்லைத்தான் பார்த்தான்.

இந்த வருஷம் வண்டி பார்க்கும் நாளில் அவன் வீட்டு வாசலுக்குத் திரும்பினேன். தரையில் கோதுமை மாவு தூவினாற்போல் பனி. தானியக் குதிர் ஓரத்தில் அவன் மனைவி ஸ்டெல்லா, புருஷனின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

"ஹார்வி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

"ஏன், பெரோகி தீஞ்சுபோச்சா?"

"விளையாடாத. இன்னைக்கு அவன் வண்டியைப் பார்ப்பியே, போகாதுன்னு சொல்லிடு."

"பார்க்காமலேவா?"

"பார்த்துட்டே சொல்லு. ஆனா அதைத்தான் சொல்லணும்."

நான் இன்ஜினை நிறுத்தினேன். அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கடிகாரக் கதை அப்போதுதான் தெரிந்தது. டவுனுக்கு ஆணி வாங்கப் போனவன், பழைய தானியக் கிடங்கு இருந்த காலி இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தானாம். கோதுமை எடை போட ஆள் வரவில்லை என்று சொன்னானாம். கிடங்கை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"நானும்தான் அங்க போய் உக்காருவேன்," என்றேன். "டவுன்ல வேற எங்க வண்டி நிறுத்த இடம் இருக்கு?"

"ஹார்வி."

"நீ வரலைன்னு அவன்கிட்ட சொல்லிடேன்."

"சொல்லிப் பார்த்தாச்சு. நீ இரு, நான் போறேன்னுட்டான். பொண்ணு போன்ல அழுதா. டாக்டர் சொன்னாரு. ஒருத்தர் பேச்சும் காதுல ஏறல."

"சாவியை ஒளிச்சு வை."

"காலம் பூரா டிராக்டரோட கட்டிப் புரண்டவன். சாவி இல்லாம வண்டி எடுக்கத் தெரியாதவனா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ பின்னால வரலைன்னா மட்டும்தான் அவன் போகமாட்டான். அது எனக்கு நல்லாத் தெரியும்."

"நான் முன்வண்டியாப் போறேன். அவன் பின்னால வரட்டும்."

"யார் பின்னாலயாவது அவன் போய்ப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட அவன் பாதிரியாருக்கு முன்னால் நடந்தவன்.

எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. கோடையில் கால்கரியில் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு டெக்ஸாஸ் என்றைக்குமே பிடித்ததில்லை. அங்கே எறும்பு கடிக்கிறது, சர்ச்சில் பாட்டு சரியில்லை என்பாள். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்க ஆசைப்படுகிறவள் புருஷனுக்கு மறதி என்று சொல்லமாட்டாள் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது? பொய் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. பெரிதாக்கிச் சொல்லலாம்.

"பார்க்கிறேன்," என்றேன். வேறு வாக்குறுதி தரவில்லை.

சமையலறை மேஜை முழுக்க ஒரெஸ்டின் சாலை வரைபடம் விரிந்திருந்தது. நான்கு மூலையிலும் காபிக் கோப்பை, சர்க்கரை டப்பா, சுத்தியல், அவனுடைய பல்செட் டப்பா. கோட்டில் போர் நினைவு நாளுக்கான சிவப்புப் பாப்பி பூவை இப்போதே குத்தியிருந்தான். அன்றைக்கு நினைவுச் சின்னத்தில் மாலை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கிளம்புவதுதான் எப்போதும் எங்கள் வழக்கம்.

"வாடா கிழவா. வழி தெரியாம எங்கயாவது குழியில விழுந்துட்டியோன்னு பார்த்தேன்."

"உன் வாசல்ல இருக்கிற குழியிலதான் விழுந்தேன். மண்ணு போட மாட்டியா?"

"அது வரிவசூல்காரனுக்கு வெச்சிருக்கிறது. உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் பென்சிலை எடுத்தான். அந்தத் தடித்த விரல்கள் நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எஸ்டவன் வழியா நார்த் போர்ட்டல். அங்கதான் பார்டர். உருளைக்கிழங்கு எதையும் வண்டியில வெச்சுத் தொலைக்காத. அந்த ஆபீசர் உன் மூட்டையை நோண்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி வளர்ந்துபோச்சு. முதல் ராத்திரி மைனாட். மறுநாள் கேரிசன் ஏரி. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ரோடு. மேக்குக் காத்து கிளம்புறதுக்கு முன்னாடி தாண்டிடணும். பிஸ்மார்க்ல டீசல்."

"எந்த பங்க்?"

"லாரிக்காரங்க நிக்கிறது. உள்ள நுழைஞ்சா திரும்பாம வெளிய வரலாம். ஊருக்குள்ள இருக்கிறதுல போய் மாட்டிக்கிட்டு, பின்னாடி எடுக்கத் தெரியாம முழிச்சியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்கே மறந்துபோன அவமானத்தை அவன் மறக்கவில்லை. அடுப்படியில் நின்ற ஸ்டெல்லா பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். அவள் பெரோகிக் கொழுக்கட்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பென்சில் எண்பத்துமூன்றாம் நெடுஞ்சாலையில் இறங்கியது. அது எங்கள் சாலை. மேலிருந்து கீழே கயிறு விட்டாற்போல் ஓடும்.

"வாலன்டைன்ல டேங்க் முக்கால் இருந்தாலும் நிரப்பணும். அதுக்குத் தெக்கே மணல் குன்று. மாட்டைத் தவிர பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஊரைத் தாண்டினதும் ஆத்துக்கு ஒரு இறக்கம். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு சூடாக்காத. கியரை இறக்கு."

"தெரியும்."

"தெரியும்னுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்ற. ஒவ்வொரு வருஷமும் அங்க உன் பிரேக் நாத்தம் எனக்கு வருது. முன்னால போறவனுக்கு வருதுன்னா பாரு."

நான் சிரித்தேன். இந்த மனிதனுக்கா மறதி? ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு பள்ளமும் அவன் நாக்கு நுனியில் இருந்தது. கான்சாஸில் எந்த ஊரில் காலையில் எழுந்து கொடியைப் பார்க்க வேண்டும், கொடி எப்படி அடித்துக்கொண்டால் கிளம்பக் கூடாது என்று சொன்னான். எதிரே தானிய லாரி வந்தால் டிரெய்லர் முதலில் எந்தப் பக்கம் சாயும், கடந்தபின் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கையால் காட்டினான். சர்க்கரை டப்பா லாரி, அவன் கை டிரெய்லர்.

"கார்டன் சிட்டி வரும்போது கண்ணாடியை ஏத்திடு. மாட்டுக் கொட்டடி நாத்தம்."

"உன் சாக்ஸோட ஒரு வாரம் டிரெய்லர்ல இருக்கிறவளைக் கேளு," என்றாள் ஸ்டெல்லா, திரும்பாமலே.

"பாத்தியா, இவளும் வர்றா. வரமாட்டேன்னு நேத்து ஒரே ஆட்டம்."

ஸ்டெல்லா கரண்டியை எடுத்துப் பெரோகியைக் கிளறினாள்.

"ஜங்க்ஷன்ல எண்பத்துமூணை விட்டுடணும்," என்றான் அவன். "அதுக்குக் கீழ மலை வளைவு. பெரிய சாலையில கிழக்கே போய், சான் அன்டோனியோவைச் சுத்தி இறங்கினா நேரா மிஷன் ஊர்தான். அப்புறம் என்ன, சட்டையைக் கழட்டிட்டு பம்பளிமாஸ் மரத்தடியில நாற்காலி."

"நார்த் பிளாட்டை விட்டுட்டியே," என்றேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

"விடுவேனா? அங்க எப்பவும் தங்குற இடம்தான். ஆத்தங்கரை பார்க், காட்டன்வுட் மரத்துக்குக் கீழ. போன் பண்ணி ரெண்டு இடம் சொல்லி வைக்கணும். நீ பண்றியா, நான் பண்ணட்டுமா?"

டிரெய்லர்கள் ராத்தங்கும் அந்த பார்க்கை விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டி, வேலி போட்டு, பழைய அறுவடை இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். போன வருஷம் நாங்கள் இருவரும் அந்த வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தோம். இவன் இறங்கிப் போய் வேலியை உதைத்துவிட்டு வந்தான்.

ஸ்டெல்லா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நீயே பண்ணு," என்றேன்.

அவளுடைய பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிற பார்வை. ஒரு பார்க் மூடினதை மறந்துபோவது என்ன பெரிய விஷயம்? எனக்குப் பிடிக்காத செய்தியை நான்கூட மறந்துவிடுவேன். செத்துப்போனவனை நலமா என்று நான் சர்ச் வாசலில் விசாரித்திருக்கிறேன். அதுவும் அவன் தம்பியிடம்.

பெரோகியைத் தின்றுவிட்டு வெளியே போனோம். வெயில் அடித்தது, சூடு இல்லை. ஒரெஸ்டின் டிரெய்லர் கொட்டகையின் தென்பக்கச் சுவரோரம் நின்றது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன். டயர் நல்லது. நட்டு எல்லாம் இறுக்கம். பிறகு முழங்காலை மடக்கி, திட்டிக்கொண்டே, டிரெய்லரின் வயிற்றுக்கடியில் எட்டிப் பார்த்தேன்.

வயிற்றிலிருந்து பனிக்கட்டி தொங்கியது. என் கை நீளத்துக்கு, பல்வரிசை போல. வயிற்றை மூடியிருந்த தகடு கட்டியின் கனத்தில் தொப்பையாக இறங்கியிருந்தது.

எங்கள் ஊரில் இது நடக்கக் கூடாத காரியம். வசந்தத்தில் திரும்பி வந்து இலையுதிர்காலம் முற்றுவதற்குள் ஒவ்வொரு குழாயிலும் இருக்கிற தண்ணீரை ஊதி வெளியேற்றிவிட்டு, உறையாத ரோஸ் மருந்தை ஊற்றிவிடுவோம். போகும்போது டிரெய்லர் வறண்டுதான் போகும். கை கழுவக்கூட ஜாடித் தண்ணீர்தான். உறைபனியைத் தாண்டி, ஓக்லஹோமா பக்கம் போனபின் எங்காவது ஒரு காலையில் தொட்டியில் தண்ணீர் பிடிப்போம். அன்றைக்குத்தான் தெற்கே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த முதல் தண்ணீரை ஒரெஸ்ட்தான் திறப்பான், கொடியேற்றுகிறவன் மாதிரி.

இங்கே, சஸ்காச்சுவான் குளிரில், யாரோ தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள்.

"ஒரெஸ்ட், இங்க குனிஞ்சு பாரு."

அவன் குனிந்தான். நெடுநேரம் பார்த்தான். தொப்பியை எடுத்துவிட்டுத் தலையைத் தடவினான்.

"யார் தண்ணி விட்டது?"

"என்னைக் கேக்குற."

"நான் மருந்து ஊத்தி வெச்சேன். ரோஸ். டப்பா கொட்டகையில இருக்கு பாரு." குரலை இறக்கினான். "இது ஸ்டெல்லா வேலை. போகவிடாம பண்றதுக்குப் பண்ணியிருக்கா."

நான் எழுந்து நின்றேன். முட்டி வலித்தது. அப்படியும் இருக்கலாம் என்று தோன்றியது, அதுதான் மோசம். ரப்பர் குழாயை மாட்டித் தண்ணீர் திறக்க அவளுக்குத் தெரியாதா? போகாது என்று சொல்லச் சொன்னவள், நான் பொய் சொல்லமாட்டேன் என்று தெரிந்து, எனக்கு ஒரு நிஜக் காரணத்தைத் தொங்கவிட்டிருக்கலாம். அல்லது இவனே ஒரு காலையில் எழுந்து, வெயிலைப் பார்த்து, ஓக்லஹோமா வந்துவிட்டதென்று கொடியேற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று அந்தக் கட்டியைப் பார்த்து யார் சொல்ல முடியும்? சமையலறை ஜன்னலில் திரை அசைந்தது.

"பைப்புதானே," என்றான் ஒரெஸ்ட். "கொட்டகைக்குள்ள தள்ளி ஹீட்டரைப் போட்டு உருக வெச்சு, வெடிச்சதை மாத்திட்டாப் போச்சு. வா, பூட்டலாம்."

பூட்டுவதை நான் ஓரமாக நின்று பார்த்தேன். உதவி செய்யவில்லை. எங்கே தப்புச் செய்கிறான் என்று பார்க்கத்தான் நின்றேன்.

பிக்கப்பின் பின்கதவை இறக்கினான். நிறையப் பேர் மறந்து நசுக்கிக்கொள்வது அதைத்தான். டிரெய்லரின் கழுத்தைப் பட்டனை அழுத்தி இறக்கி, தாடையை விட ஒரு விரல் தாழ்வாக நிறுத்தினான். பின்னால் எடுத்தான். ஒரே தடவை. க்ளக் என்று கவ்வியது. இறங்கி வந்து, சத்தத்தை நம்பாமல், டார்ச்சை வாங்கித் தாடையின் வாயைப் பார்த்தான். பூட்டு ஊசியைப் போட்டான். விளக்கு வயரைச் சொருகி, பின்கதவை ஏற்றி மூடினான். சக்கரக் கட்டைகளை எடுக்காமல், வண்டியை முன்னால் இழுத்துப் பார்த்தான். முளை நழுவவில்லை. அதன் பிறகுதான் டிரெய்லர் ஊன்றியிருந்த முன்னங்கால்களைத் தூக்கினான்.

ஒரு குறை இல்லை. நான் பூட்டினால்கூட நடுவில் ஒரு தடவை திட்டுவேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

என் மனது இலேசாகிவிட்டது. பைப்பை மாற்றிவிடுவோம், போகும் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எனக்கும் ஒரு நியாயம் உண்டு. என் மனைவி பெர்னிஸ் செத்தது போன வருஷத்து வசந்தத்தில். மைனஸ் முப்பத்தைந்தில் அந்த வீட்டில் நானும் ஃபிரிட்ஜும் மட்டும் உறுமிக்கொண்டு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"ரேடியோவைப் பார்த்துடலாம்," என்றான் ஒரெஸ்ட். "போ, உன் வண்டியில ஏறு."

கடைசியில் ரேடியோ பார்ப்பதும் வழக்கம். என் பிக்கப் வாசற்கதவருகே நின்றது. ஏறி, குமிழைத் திருகினேன். முன்கண்ணாடி வழியாக அவன் டிரெய்லரின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் மைல் நான் பார்த்துக்கொண்டே போன பின்பக்கம்.

கரகரத்தது. பிறகு அவன் குரல்.

"பின்வண்டி, பின்வண்டி. பெர்னிஸ், கிழவன் முழிச்சிருக்கானா?"

பழைய காலத்தில் ரேடியோவைப் பிடிப்பது பெர்னிஸ்தான். ஒவ்வொரு பயணத்தின் முதல் பேச்சும் இதுதான். அவளும் விடமாட்டாள். முழிச்சிருக்கான், ஆனா பிரயோஜனம் இல்ல என்பாள். அந்தப் பக்கம் ஸ்டெல்லா சிரிப்பது கேட்கும். போன வருஷம் முதல் தடவையாக நான் தனியாக ஓட்டியபோது அவன் இதைச் சொல்லவில்லை. ஹார்வி, கேக்குதா என்று மட்டும், மெதுவாகக் கேட்டான்.

பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். காலையில் நானே இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன்.

ரேடியோ சும்மா இரைந்தது. பிறகு:

"பெர்னிஸ்? கேக்குதா?"

நான் பட்டனை அழுத்தவில்லை.

"ஏன் அவ பேசமாட்டேங்குறா? ஹார்வி, அவளை என்னடா சொன்ன? கோவமா இருக்காளா?"

குரலில் கேலி இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அந்த இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. முகத்தைப் பார்க்க வழியில்லை, நடுவில் டிரெய்லர் மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில் பட்டனை அழுத்தினேன்.

"தூங்குறா," என்றேன்.

"இப்பவேவா? சரி, எழுப்பாத. நார்த் பிளாட்ல அவளுக்குக் காபி நான் வாங்கித் தரேன்னு சொல்லு."

குமிழைத் திருகி அணைத்தேன். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் லேனை மறித்துக்கொண்டு இப்போ வா என்றால் கண்ணாடியைப் பார்க்காமல் வருகிறவன். அவன் பக்கத்தில் ஸ்டெல்லா. எதிரே யாரோ ஒருவன் பிள்ளைகுட்டியோடு வருவான். என் சொல்லைக் கேட்பான் சரி. யார் சொல்வதாக நினைத்துக் கேட்பான்?

இறங்கி நடந்தேன். அவன் வண்டிப் படியில் உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"போகாது," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன போகாது?"

"வண்டி. போகாது."

"பைப்பா? அதான் மாத்திடலாம்னு சொன்னேனே."

"போகாதுன்னா போகாது. காரணம் கேக்கக் கூடாதுன்னு நீதான் சட்டம் வெச்ச."

அவன் எழுந்தான். என்னைவிட ஒரு தலை உயரம். சின்ன வயதில் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தவன். கை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கியிருக்கலாம், எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்தாளா?"

"யாரும் சொல்லல."

"டாக்டரா?"

"எந்த டாக்டர் பேச்சை நான் கேட்டிருக்கேன்?"

"அப்போ நான் சொல்றேன் எதுக்குன்னு." விரலை என் மார்பில் வைத்தான். "பயம். பெர்னிஸ் செத்ததுலேர்ந்து நீ ஆளே இல்லடா. போன வருஷம் பிஸ்மார்க் தாண்டி நீ பின்னால அழுதுக்கிட்டே வந்த. ரேடியோ பட்டனை அழுத்தின கையை எடுக்காம அழுத. எனக்கும் இவளுக்கும் அத்தனையும் கேட்டுது. உனக்கு வெக்கமா இருக்கும்னு ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. இப்ப தனியா ஓட்ட உனக்குத் தைரியம் இல்ல. அதைச் சொல்லு. என் வண்டி தலையில போடாத."

அழுதது எனக்குத் தெரியும். அது அவர்களுக்குக் கேட்டது தெரியாது.

"அப்போ இப்ப ரேடியோல யாரைடா கூப்பிட்ட?" என்றேன்.

"எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டேன். அதுக்கென்ன?"

அவன் கண்ணைப் பார்த்தேன். நீலக் கண். ஈரமாக இருந்தது, ஆனால் அந்தக் காற்றில் யார் கண்ணும் ஈரமாகத்தான் இருக்கும். செத்தவள் என்று அவனே இப்போது சொன்னான். பட்டன், பிஸ்மார்க், அழுகை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அப்படியானால் ரேடியோவில் என்னைக் கொஞ்சம் சிரிக்க வைக்கத்தான் பார்த்தானோ? நான் தூங்குறா என்று சொன்னதும், பாவம், கிழவன் இப்படிப் பேசுகிறானே என்று விட்டுக்கொடுத்தானோ? அல்லது ரேடியோவில் பேசிய ஒரெஸ்ட் ஒருவன், இங்கே நின்று திட்டுகிற ஒரெஸ்ட் வேறொருவனா? காகிதத்தில் முள் தப்பாகப் போட்டவன் இதில் எவன்?

"சொல்லிட்ட இல்ல," என்றான். "போ. பின்வண்டிக்காரன் சொல்லுக்கு மேல முன்வண்டி போகாது. அதுவும் என் சட்டம்தான்."

அவன் பூட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் போயிருக்கலாம். நின்றேன். கால்களை இறக்காமல் தாடையைத் திறந்துவிடுவான், டிரெய்லர் தடாலென்று பிக்கப்பின் முதுகில் விழும், அப்போது எனக்கு நிம்மதியாகிவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு ஆசை ஒரு சிநேகிதனுக்கு வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

அவன் சக்கரக் கட்டைகளைக் காலால் உதைத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தான். பின்கதவை இறக்கினான். முன்னங்கால்களை இறக்கி, தரையில் ஊன்றும் வரை பொறுத்திருந்தான். வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தான். ஊசியை எடுத்தான். தாடையைத் திறந்தான். வண்டியை ஓரடி முன்னால் எடுத்து நிறுத்தி, இறங்கி வந்து கால்கள் தாங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு முழுவதும் எடுத்தான். டிரெய்லர் அசையாமல் நின்றது. அதன் வயிற்றிலிருந்து ஒரு பனிக்கட்டி உடைந்து விழுந்தது.

ஒரு குறை இல்லை.

ஜன்னலில் ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். நன்றிக்கா, போய் வா என்பதற்கா என்று தெரியவில்லை. நான் தூக்கவில்லை. ஒரெஸ்ட் என் பக்கம் திரும்பவேயில்லை, கோட்டிலிருந்த பாப்பி பூ சாய்ந்துவிட்டதை நிமிர்த்திக் குத்திக்கொண்டிருந்தான். இவ்வளவு சரியாகச் செய்கிறவனைப் போய் எப்படி நிறுத்தினேன் என்று எனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டு, அவன் வாசல் குழியைச் சுற்றி, என் வண்டியை நோக்கி நடந்தேன்.